தோழி ஊருக்கு வருகிறாள், ஆனால் லாட்ஜில் தங்குவாளாம்

தகடூர்ப்பெண் (தர்மபுரி), வெள்ளி இரவு 10:20

வணக்கம். இதைக் குடும்பப் பகுதியில் போடுவதா, பொதுப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நிர்வாகிகள் இடம் மாற்றினாலும் சரி.

எனக்கு ஒரு தோழி. சேலத்தில் படித்தபோது விடுதியில் ஒரே அறை. அவளுக்கு நாகர்கோவில் பக்கம், எனக்குப் பாலக்கோடு பக்கம். படிப்பு முடிந்ததும் அவள் வங்கி வேலைக்குப் போனாள், நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். அதற்குப் பிறகு இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்ததே இல்லை. வங்கிக்காரர்களுக்கு ஊர் நிலைக்காது. நெல்லூர், நாக்பூர், குவாஹாட்டி என்று சுற்றிவிட்டு இப்போது சென்னையில் இருக்கிறாள். முதலில் நீல நிற இன்லேண்டு கடிதம், பிறகு எஸ்.டி.டி. பூத், பிறகு செல்போன். எது மாறினாலும் எங்கள் பேச்சு நிற்கவில்லை. என் மகன் பிறந்தபோது நாக்பூரிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, என் அம்மாவோடு சேர்ந்து அவனைக் குளிப்பாட்டியவள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. கேட்காதவள் நான் ஒருத்திதான்.

வருடத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுவாள். வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். எங்களுடையது சிறிய ஓட்டு வீடு, பின்னால் இரண்டு மாடு. கணவர் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார். மாமியாருக்கு இவள் என்றால் உயிர். இதுவரை எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த ஜூன் கடைசியில் வருகிறாள். சந்தோஷமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று செய்தி: "இந்தத் தடவை பஸ் நிலையம் பக்கத்தில் லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்கிறேன். பகலில் வீட்டுக்கு வருகிறேன். தப்பாக நினைக்காதே." காரணம் எழுதவில்லை. மாமியாரிடம் சொன்னதும், "ஏன், நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா?" என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் பேசவே இல்லை.

எனக்கு வருத்தமாக இருக்கிறது. வருத்தப்படுவது சரிதானா, அல்லது இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மாம்பழக்காரர் (கிருஷ்ணகிரி), வெள்ளி இரவு 11:05

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. வீடு இருக்கும் ஊரில் லாட்ஜில் தங்குவது விருந்துக்கு வந்து ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

என் கதையைச் சொல்கிறேன். நானும் என் நண்பரும் தர்மபுரியில் ஒரே அரசு அலுவலகத்தில், ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். இருவர் சோற்று டப்பாவும் ஒன்றுதான். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கோப்புகளைப் பிரித்தார்கள், மேசைகளைப் பிரித்தார்கள், கடைசியில் எங்களையும் பிரித்தார்கள். அவர் அங்கே, நான் இங்கே. நடுவில் ஐம்பது கிலோமீட்டர்கூட முழுதாக இருக்காது, நான்கு வழிச் சாலை வேறு. ஆனால் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற ஊருக்குத்தான் மனிதன் போவதே இல்லை. ஆறு மாதம் முகம் பார்க்காமல் ஓடிவிட்டது. துபாயில் இருப்பவனாவது விடுப்புக்குத் தேதி குறித்து வருகிறான்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாங்காய்க் காலத்தில் அவர் எங்கள் தோப்புக்கு வருவார். மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது நான் அவர் ஊருக்குப் போவேன். அவருக்கு மாம்பழம், எனக்குப் புளி. இரண்டும் கடையில் கிடைக்கும் பொருள்தான், அது எங்களுக்கும் தெரியும். போகிறவர் இரவு தங்கியே ஆக வேண்டும் என்பது விதி. பகலில் எல்லாம் ஊர்க்கதை, உடம்புக்கதை, பிள்ளைகள் சம்பளக் கதை. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பாயை விரித்துப் படுத்த பிறகு, விளக்கை அணைத்த பிறகு வருவதுதான் பேச்சு. அவர் மகளின் மணமுறிவைப் பற்றி என்னிடம் சொன்னது அப்படி ஓர் இரவில்தான். பகலில் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடிந்திருக்காது.

லாட்ஜில் தங்கினால் அந்த இரவு போய்விடும். எனவே விடாதீர்கள். ரூமை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

---

ரோஜாத்தோட்டம் (ஓசூர்), சனி காலை 6:40

ஷிப்டுக்குப் போகும் முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழக்காரர் ஐயா, திண்ணையில் பாயை விரித்துப் படுக்க ஆண்களால் முடியும். விருந்துக்குப் போகிற பெண்ணுக்கு அந்தத் திண்ணை கிடையாது.

நான் போகிற பக்கம். என் தோழி காரிமங்கலத்தில் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறாள். நான் போனால் அவள் மாமனார் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுப்பார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். இருப்பது ஒரு குளியலறை. காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் ஓடுகிறவர்கள் எல்லோரும், "அத்தை முதலில் குளிக்கட்டும்" என்று வாளியோடு காத்திருப்பார்கள். என் தோழி விடியற்காலையில் எழுந்து எனக்காகவே இட்லி, வடை, இரண்டு சட்னி. அவளைப் பார்க்கத்தான் நான் போகிறேன். அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதவிக்குப் போனால், "நீ போய் உட்கார்" என்று அவள் ஓரகத்தி விரட்டுவார்.

யாரும் குறை வைப்பதில்லை. அதுதான் கஷ்டமே. குறை வைத்தாலாவது கோபப்படலாம்.

தகடூர்ப்பெண் அக்கா, உங்கள் தோழி லாட்ஜ் கேட்பது உங்களை விட்டு விலக அல்ல, நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதற்காக இருக்கலாம். ஒரு நாள் நீங்களும் அந்த லாட்ஜுக்குப் போய் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பாருங்கள். பஸ் நிலையத்துக் கடையில் டீ வாங்கிக்கொள்ளலாம்.

---

பாப்பாரப்பட்டியான், சனி காலை 9:15

தகடூர் என்று பெயர் வைத்துக்கொண்டு நட்பைப் பற்றி ஒருவர் கேட்கும்போது தமிழ் வாத்தியார் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடியவற்றில் எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போன அதே விருப்பத்தோடு வரவேற்பான் என்கிறார். ஒருவரை முதல் முறை வரவேற்பது பெரிய விஷயமல்ல. இருபதாவது முறையும் வாசலில் அதே முகத்தோடு நிற்பதுதான் அரிது. உங்கள் மாமியாருக்கு அந்த முகம் இருக்கிறது என்று உங்கள் பதிவைப் படித்தாலே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே அதியமானைத் தேடிக் குன்றும் மலையும் கடந்து பெருஞ்சித்திரனார் வந்தார். அதியமான் நேரில் பார்க்காமல், "இதைக் கொண்டு போகட்டும்" என்று பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். காணாமல் கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் வாணிகப் பரிசிலன் அல்லன். கண்டு கொடுத்தால் தினையளவானாலும் இனியது என்றார். 208-ஆம் பாட்டு. பிறந்தநாளுக்குக் கூரியரில் பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டு நேரில் வராத நண்பர்கள் எனக்கும் உண்டு. அந்தப் பெட்டிகளைப் பிரிக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு நினைவுக்கு வரும். ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பியதில்லை, நான் புலவன் அல்ல.

உங்கள் தோழி நேரில் வருகிறாரே. எங்கே படுக்கிறார் என்பது இரண்டாம்பட்சம்.

---

ரோஜாத்தோட்டம் (ஓசூர்), சனி மதியம் 1:10

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன், ஐயா. பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் அதியமான் அரண்மனையில் சமைக்க ஆள் இருந்தார்கள். ஔவையார் வந்தால் அவன் எழுந்து போய் உலை வைக்க வேண்டியதில்லை. இருபதாவது முறையும் அதே முகத்தோடு நிற்பதில் அவனுக்கு என்ன கஷ்டம்?

---

பாப்பாரப்பட்டியான், சனி மதியம் 1:32

இதற்கு உரையாசிரியர்கள் யாரும் பதில் எழுதி வைக்கவில்லை, அம்மா.

---

பரிசல்துறை (சொந்த ஊர் பென்னாகரம், இருப்பது ஷார்ஜா), சனி மாலை 5:50

நான் ஆண்கள் பக்கத்திலிருந்து.

என் நண்பன் ஊரில் நிலக்கடலையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டு இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் இங்கே வந்து பல வருடம் ஆகிறது. இங்கே வாட்ஸ்அப் அழைப்பு எடுபடுவதில்லை என்பது வளைகுடாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் குரல்பதிவுதான். எனக்கும் அவனுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வயலில் இருப்பான். அவன் அனுப்பும் பதிவுகளில் விஷயம் ஒன்றுமே இருக்காது. "மழை வருகிற மாதிரி இருக்கிறது. மோட்டார் எரிந்துவிட்டது. உன் தம்பியைச் சந்தையில் பார்த்தேன், இளைத்துப் போயிருக்கிறான்." பின்னால் மயில் கத்தும், டிராக்டர் ஓடும். முக்கியமான விஷயம் இருந்தால் மட்டும் பேசலாம் என்று இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ பேச்சை நிறுத்தியிருப்போம். முக்கியமான விஷயம் வருடத்துக்கு எத்தனை வரும்? மோட்டார் எரிவதுதான் அடிக்கடி வரும்.

விடுப்பில் வந்தால் சிக்கல் வேறு. விடுப்பு நாட்களை உறவுகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாமனார் வீடு, அக்கா வீடு, இருக்கிற எல்லாக் காதுகுத்தும். நண்பனுக்கு யாரும் பங்கு ஒதுக்க மாட்டார்கள், அவனும் கேட்க மாட்டான். அதனால் விமான டிக்கெட் எடுத்த அன்றே அவனுக்கு ஒரு நாளைக் குறித்து, வீட்டிலும் சொல்லிவிடுவேன். அந்த நாளில் யார் வீட்டு விசேஷம் வந்தாலும் நான் கிடைக்க மாட்டேன். இதற்காக என் அக்கா ஒரு தடவை என்னோடு பேசாமல் இருந்தாள். பரவாயில்லை, பிறகு பேசிவிட்டாள்.

அந்த நாளில் ஒகேனக்கல் போவோம். சின்ன வயதிலிருந்து பார்த்த அருவிதான், புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளித்து, மீன் வறுவல் வாங்கிப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். அன்றைக்கு அவன் வயலுக்குப் போய்ச் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்தோம், பொழுது சாயும் வரை. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. அவன் அப்பா இறந்தபோது நான் வர முடியாமல் போனதைப் பற்றி அவனாகவே அங்கேதான் பேச்செடுத்தான். இருவர் கையும் சேற்றில் இருந்ததால் முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாம்பழக்காரர் ஐயா சொன்ன அந்த இரவு எங்களுக்குப் பகலிலேயே கிடைத்தது.

எனவே, அக்கா, தோழியை விருந்தாளியாக உட்கார வைக்காதீர்கள். மாட்டுக்குத் தீவனம் போடச் சொல்லுங்கள், தக்காளி தரம் பிரிக்க விடுங்கள். சாணி அள்ளச் சொன்னாலும் வங்கி மேலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

---

நேர்பேச்சு, சனி இரவு 8:25

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வருகிற ஒருவருக்காக இத்தனை ஆராய்ச்சியா? நாள் குறிப்பது, பங்கு ஒதுக்குவது, குழாய் அடைப்பு எடுப்பது. நட்பு தானாக நடக்க வேண்டும். திட்டம் போட்டு நடத்த அது என்ன கோயில் திருவிழாவா? வாழ்க்கை மாறிவிட்டால் நட்பும் மாறும். ஒருவர் குடும்பத்தோடு, ஒருவர் தனியாக. ஒருவர் கிராமத்தில், ஒருவர் மாநகரத்தில். இரண்டு பேருக்கும் பேசப் பொதுவாக என்ன மிச்சமிருக்கும்? லாட்ஜ் என்பது அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். மனம் புண்பட்டால் மன்னிக்கவும், கேட்டதால் சொல்கிறேன்.

---

அரூர் வாசகி, சனி இரவு 9:40

நேர்பேச்சுக்கு: தானாக நடக்கும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்று பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், பள்ளி முடித்து வெளியே போகிற 30 மாணவர்களைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். 2015-இல் வெளியானது. உறவினர்களோடு இருந்த நெருக்கம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் முயற்சி எடுக்காத நட்புகளில் நெருக்கம் தேய்ந்தது. பெண்களுக்குப் பேசிக்கொண்டே இருப்பது உதவியது. ஆண்களுக்குச் சேர்ந்து எதையாவது செய்வது. ஷார்ஜா அண்ணனின் சொட்டுநீர்க் குழாயை அவர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

முப்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அதுவும் அந்த நாட்டு இளைஞர்கள். ஆனாலும் உறவு தானாக நிற்கும், நட்பு அப்படி நிற்காது என்ற இடம் நம் ஊருக்கும் பொருந்துகிறது. சித்தப்பா மகனோடு பத்து வருடம் பேசாவிட்டாலும் கல்யாணப் பத்திரிகை வந்துவிடும், நாமும் மொய் எழுதப் போவோம். தோழிக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வர வேண்டிய அவசியமே இல்லாத ஒருத்தி ஒவ்வொரு வருடமும் வருகிறாள் என்றால், பொதுவாக என்ன மிச்சமிருக்கிறது என்று நாம் கேட்கத் தேவையில்லை.

---

நேர்பேச்சு, சனி இரவு 10:02

அப்படியென்றால் காரணத்தை அவரே சொல்லியிருக்கலாமே. இத்தனை வருட நட்பில் ஒரு வரி காரணம் எழுத முடியாதா? என் கேள்வி இன்னும் நிற்கிறது.

---

தகடூர்ப்பெண் (தர்மபுரி), ஞாயிறு காலை 7:30

எல்லோருக்கும் நன்றி. நேர்பேச்சு சொன்னது நெஞ்சில் குத்தியது, ஆனால் கேட்டது சரியான கேள்வி. பேச விஷயம் இல்லாமல் போய்விட்டதா என்று இரவு யோசித்துப் பார்த்தேன். போன வாரம் நாங்கள் பேசியது: தக்காளி விலை, அவள் கிளையில் ஒரு தாத்தா ஓய்வூதியப் பணத்தை எடுத்து அங்கேயே மூன்று தடவை எண்ணியது, என் மகனின் தாடி. இதில் எது பொது என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது மட்டும் தெரியும்.

ரோஜாத்தோட்டம், உங்கள் பதிவை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "நான் கட்டிலைக் கொடுத்தது அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகவா இருந்திருக்கும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் அதேதான் நடக்கும்.

இன்றைக்கு அவளுக்கு விடுமுறை. பேசப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது? ஏன் லாட்ஜ் என்று கேட்டால் வழக்காடுவது போல இருக்கும்.

---

ரோஜாத்தோட்டம் (ஓசூர்), ஞாயிறு காலை 7:48

ஏன் என்று கேட்காதீர்கள். "அந்த லாட்ஜில் என்ன இருக்கிறது, நம் வீட்டில் இல்லாதது?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

---

மாம்பழக்காரர் (கிருஷ்ணகிரி), ஞாயிறு காலை 8:10

இது நல்ல கேள்வி. முப்பது வருடம் அரசு வேலை பார்த்த எனக்குத் தோன்றவில்லை.

---

தகடூர்ப்பெண் (தர்மபுரி), ஞாயிறு மதியம் 12:25

பேசிவிட்டேன்.

அப்படியே கேட்டேன். முதலில் ஃபேன், கொசு என்று ஏதேதோ சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "மேற்கத்திய கழிவறை இருக்கிறது."

அவளோடு அவள் அப்பாவும் வருகிறார். போன மழைக்காலத்தில் அவள் அம்மா தவறிப் போனார். அதற்குப் பிறகு அப்பா நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு இவளோடு சென்னையில் இருக்கிறார். அது எனக்குத் தெரியும், காரியத்துக்கு நானும் கணவரும் போய் வந்தோம். தெரியாதது என்னவென்றால், அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை, குந்தி உட்கார முடியாது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வரவும் முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது பின்பக்கம் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, கீழே உட்காருகிற கழிவறை. இதை எழுதினால் நான் அவசரமாகக் கடன் வாங்கியாவது புதிதாகக் கட்டிவிடுவேன் என்று பயந்துதான் எழுதவில்லையாம். கட்டியிருப்பேன் என்பதும் உண்மை.

"அப்பாவை இதற்காக யாரிடமும் சொல்லிக்காட்ட எனக்கு மனமில்லை" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மாமியாரிடம் சொன்னேன். "அதற்கென்ன, ராத்திரி மட்டும் அங்கே படுத்துக்கொள்ளட்டும். மூன்று வேளையும் இங்கே" என்று முடித்துவிட்டார். ஆனால் பகலிலும் அவருக்குத் தேவைப்படுமே. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

---

பணிச்செவிலி (தர்மபுரி), ஞாயிறு மதியம் 1:00

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் துறை, அதனால் எழுதுகிறேன்.

புதிதாகக் கட்ட வேண்டாம். நடுவில் துளை வைத்த கமோடு ஸ்டூல் என்று ஒன்று அறுவைச் சிகிச்சைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இருக்கிற கழிவறையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கால்களுக்கு ரப்பர் அடி இருக்க வேண்டும், உயரம் கூட்டிக் குறைக்கும்படி இருக்க வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி இருந்தால் நல்லது. வாங்கும் முன் உங்கள் கழிவறை அகலத்தை அளந்துகொண்டு போங்கள், கால் பீங்கான் மேல் ஏறக்கூடாது. வைத்ததும் முதலில் நீங்கள் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள்.

கொட்டகையைத் தாண்டிப் போக வேண்டும் என்றீர்கள். வழியில் சாணி, பாசி எதுவும் இல்லாமல் கழுவிவிடுங்கள். மாட்டுக் கயிறு குறுக்கே இருக்கக்கூடாது. கதவின் உள்தாழ்ப்பாளைப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதை உங்கள் தோழி சொல்வதைவிட உங்கள் கணவர் சொன்னால் அவர் கேட்பார். பெண் பிள்ளையிடம் இந்தப் பேச்சு அப்பாக்களுக்குக் கூச்சம்.

லாட்ஜிலும் கவனம் வேண்டும். மேற்கத்திய கழிவறை என்று போர்டில் இருக்கும், போனால் ரூம் இரண்டாவது மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. இன்றைக்கே யாரையாவது அனுப்பித் தரைத்தள அறையாக நேரில் பார்த்துப் பேசி வையுங்கள்.

---

பாப்பாரப்பட்டியான், ஞாயிறு மதியம் 2:20

சென்னையிலிருந்து எப்படி வருகிறார்கள்? ரயில் என்றால் வழக்கமாக மொரப்பூரில் இறங்கி பஸ் பிடிப்போம். எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை, நிற்பதும் கொஞ்ச நேரம்தான். முழங்கால் மடங்காதவர் பெட்டியும் கையுமாக இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். சேலத்தில் இறங்குவது மேல். வண்டி அதிக நேரம் நிற்கும், சக்கர நாற்காலியும் கேட்டு வாங்கலாம். அங்கிருந்து காரில் தொப்பூர் கணவாய் வழியாக ஒன்றேகால் மணி நேரம் போதும். ஓட்டுநரிடம் கணவாயில் மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.

இரவு வண்டி என்றால் முதியோர் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் கேட்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஒரே டிக்கெட்டில் தனியாகவோ இருவராகவோ போகும்போதுதான் அது கிடைக்கும். பேரன் பேத்தி என்று கூட்டமாகப் போட்டால் கிடைக்காது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது, அது தனிச் சோகம்.

வந்தால் அதியமான்கோட்டை பக்கம்தானே. காலபைரவர் கோயிலுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் தேய்பிறை அஷ்டமியன்று போகாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. அருகிலேயே சென்னறாயப் பெருமாள் கோயிலில் கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் அவர் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கலாம்.

---

நேர்பேச்சு, ஞாயிறு மதியம் 3:05

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. லாட்ஜ் அறை பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். நான் பஸ் நிலையம் பின்னால்தான் இருக்கிறேன். எந்த லாட்ஜில் படி எத்தனை என்று எனக்கு மனப்பாடம், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களை எல்லாம் அங்கேதான் தங்க வைத்தோம்.

---

பரிசல்துறை (ஷார்ஜா), ஞாயிறு மாலை 4:15

நேர்பேச்சு அண்ணா, திட்டம் போட்டு நடத்த இது என்ன கோயில் திருவிழாவா?

---

நேர்பேச்சு, ஞாயிறு மாலை 4:21

உங்களுக்கு வேலையே இல்லையா அங்கே?

---

மாம்பழக்காரர் (கிருஷ்ணகிரி), ஞாயிறு மாலை 6:00

லாட்ஜைப் பற்றி என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பெரியவருக்காகப் போகட்டும்.

ஜூன் கடைசி என்கிறீர்கள். செந்தூராவுக்கு அப்போது காலம் தாண்டிவிடும். பெங்களூரா மலிவாகக் கிடைக்கும், அது கூழ் ஆலைக்குப் போகிற காய், அதை வாங்கி விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள். நீலம் வரத் தொடங்கியிருக்கும், மல்கோவா கிடைத்தால் அதிர்ஷ்டம். என் நண்பர் தர்மபுரியில்தான் இருக்கிறார், அவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போடாதீர்கள். பெரியவருக்குச் சர்க்கரை உண்டா? அதை முதலில் சொல்லுங்கள்.

---

தகடூர்ப்பெண் (தர்மபுரி), ஞாயிறு இரவு 9:10

சர்க்கரை உண்டாம், ஐயா. மாம்பழத்தைக் கண்டால் கேட்கவும் மாட்டாராம். அதனால் பெட்டி வந்ததும் மாமியார் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவரிடமிருந்து ஒரு பழத்தை யாராலும் எடுக்க முடியாது. பெரியவருக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்.

நேர்பேச்சு, நாளைக் காலை கணவர் சந்தையிலிருந்து திரும்பும்போது உங்களைப் பார்க்கச் சொல்கிறேன். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

சேலம் வழியாகவே வரச் சொல்லிவிட்டேன். காருக்கு அவள்தான் பணம் கொடுப்பேன் என்று ஒரே சண்டை. முடிவாகவில்லை.

பணிச்செவிலி, கழிவறையை அளந்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரிக் கடை அரசு மருத்துவமனைப் பக்கம் இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார்களா?

---

பணிச்செவிலி (தர்மபுரி), ஞாயிறு இரவு 9:35

மதியம் வரை திறப்பார்கள். நாளையே போய்விடுங்கள், அளவு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.